காலி டப்பாவில் வந்த இம்பெல்லர்

தேசிங்குக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவது போல வலிக்கிறது. நடுக்கடலில் இன்ஜின் சூடேறி நின்றுபோய், காலையிலிருந்து கூட வந்த மூன்று பேரோடு துடுப்பு வலித்தே லைட்ஹவுஸ் குப்பத்துக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறான். உச்சி வெயிலில் பைபர் படகின் வெள்ளை கண்ணைக் கூச வைக்கிறது. காயப்போட்ட நெத்திலி மேல் காக்கைகள் இறங்குவதும் எழும்புவதுமாக இருக்கின்றன. மெக்கானிக் தனசேகர் இன்ஜினின் அடிப்பக்கத்தைக் கழற்றி, தண்ணீர் இழுத்துச் சூட்டைத் தணிக்கிற ரப்பர் இம்பெல்லரை எடுத்து தேசிங்கின் உள்ளங்கையில் வைக்கிறான். இதழ்கள் பிய்ந்து, தொட்ட இடமெல்லாம் கரி ஒட்டுகிறது. "இது கம்பெனிது இல்லண்ணா. வேற ஆளு செஞ்சாலும் டெஸ்ட்டு பண்ணி முத்திரை வாங்குனது இருக்குது, நானே போட்டுக்கிறேன், நல்லா ஓடுது. இதுல ஒரு முத்திரையும் இல்ல." போன மாதம் கம்பெனி சாமானுக்கென்று தேசிங்கிடம் பணம் வாங்கிப் போய் இதை வாங்கி வந்தவன் அவன் மச்சான் சுந்தரவேல். பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னும் சுந்தரவேல் தலையைத் தூக்கவில்லை. "கடைக்காரன் ரெண்டும் ஒண்ணுதான்னான் மாமா." "அப்ப இன்னாத்துக்குடா கம்பெனி டப்பாவுல போட்டு குடுத்த?" புதுச் சாமான் வந்தால் டப்பாவுக்கு மஞ்சள் தடவி, கற்பூரம் காட்டித்தான் இங்கே பிரிப்பார்கள். படகு மூலையில் கிடக்கும் அந்த டப்பாவை தேசிங்கு இப்போதுதான் எடுத்து உற்றுப் பார்க்கிறான். புது மஞ்சளுக்கு அடியில் போன வருஷத்து மஞ்சள் கறுத்துப்போய்க் கிடக்கிறது. தேசிங்கின் வீட்டுப் பரணிலேயே கிடந்த பழைய காலி டப்பா. சுந்தரவேலின் வலை ஊசி நின்றுவிடுகிறது. "நாலு பேரு இத நம்பி கடலுக்குப் போனோம்," என்கிறான் தேசிங்கு, குரலை உயர்த்தாமல். "உங்க அக்கா புருசனும் அதுல ஒருத்தன். கம்பெனி இம்பெல்லர் ஒண்ணு நீ எனக்கு பாக்கி."