பூப்போட்ட ஸ்பானர்

டூல்ஸ் பெட்டியைத் திறந்த நஞ்சப்பன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

ஸ்பானர், திருப்புளி, கட்டிங் பிளேயர், சுத்தியல், ஒன்று பாக்கியில்லை. எல்லாவற்றிலும் ரோஸ் கலர் நெயில் பாலிஷ். பிடியைச் சுற்றிப் பூப்பூவாகப் போட்டிருந்தது. பூவுக்கு நடுவில் ஸ்டிக்கர் பொட்டு வேறு.

கூட வந்திருந்த கம்பெனிக் கூட்டாளி எட்டிப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடு. கேட்க வேண்டுமா? வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தையல் மிஷின் மெக்கானிக் சுரேந்தர் செத்து நாலு மாசம்கூட ஆகவில்லை, அவன் பொண்டாட்டி தரணிக்கு அதற்குள் இந்த ஆசையா என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். பேசுவதற்கு வாடகையா கொடுக்கிறார்கள்?

நஞ்சப்பன், சுரேந்தரின் அண்ணன். நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். காரியம் முடிந்த கையோடு தம்பியின் பைக்கை எடுத்துப் போனவன், இந்த ஞாயிறு வருவதாக முன்னமே சொல்லியனுப்பிவிட்டு, இப்போது பெட்டிக்கு வந்திருக்கிறான். தம்பி சாமான் அண்ணனுக்குத்தானே, பொம்பளைக்கு எதுக்கு ஸ்பானர் என்பது அவன் கட்சி.

அன்றைக்குப் பைக் சாவியை எடுத்துக் கொடுத்தவளும், இன்றைக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து அவன் முன்னால் வைத்தவளும் யார் என்கிறீர்கள்? அவனையும் சுரேந்தரையும் பெற்ற தாய் பெரியாத்தாள்தான். இத்தனைக்கும் அவளுக்குச் சோறு போடுவது மருமகள் தரணி. என்ன மனசோ!

பெட்டியைக் கொடுக்க வேண்டாம் என்று தரணி காலையிலிருந்து மாமியாரிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து பனியன் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் வேலை பார்ப்பவள். புருஷன் ரிப்பேர் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று அதையும் கற்றுக்கொண்டவள். அவிநாசிபாளையம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் மெக்கானிக்காக நாளைக்கே சேரச் சொல்லியிருந்தார்கள். ஒரே கண்டிஷன், டூல்ஸ் சொந்தமாக இருக்க வேண்டும். பெட்டி போனால் வேலையும் போச்சு.

அவள் இப்போது பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியாத்தாள்தான் ஆரம்பித்தாள்.

"பொட்டு வெக்கக் கூடாதவ, சுத்தியலுக்கு வெச்சு அழகு பாத்திருக்கறா பாரு. தாலியறுத்தவளுக்குப் பூக் கேக்குதாக்கும்."

வம்பு பார்க்க வந்த பெண்களுக்கே அது சுருக்கென்றது. தரணி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கிழவி விடவில்லை. மகனிடம் திரும்பினாள்.

"நீ எடுத்துட்டுப் போ சாமி. நாளைக்குக் கம்பெனிக்கே கொண்டு போ. நாலு பேரு பாக்கட்டும்."

நஞ்சப்பன் ஒரு ஸ்பானரை எடுத்துப் புரட்டினான். வெளியே கூட்டாளி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நாளைக்குக் கம்பெனி முழுக்க இதுதான் பேச்சாக இருக்கும். தின்னர் போட்டுத் துடைத்தால் பூ போய்விடும், கூட்டாளி வாயை எதைப் போட்டுத் துடைப்பது? அவன் முகம் சுண்டிப்போனது.

"இந்தக் கருமத்தை நீங்களே வெச்சுக்குங்க" என்று பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். இனி என்ன இருக்கிறது பார்க்க? கூட்டமும் கலைந்தது.

தரணி கதவைச் சாத்தினாள். பழைய பனியன் துணியில் தின்னரை ஊற்றிக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். யார் செய்த வேலை என்று அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாக இருக்கும் என்று நினைத்தாள். அதற்காக, ஊர் கூடி நிற்கும்போது பெற்ற தாய் மாதிரி இருக்க வேண்டியவள் அப்படியா பேசுவாள்? நெஞ்சு எரிந்தது.

"அத்தை, சத்தியமா இதை நான் பண்ணலீங்க."

பெரியாத்தாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தரணியின் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் தூரப் போட்டாள்.

"தொடைக்காதே கண்ணு."

தரணி நிமிர்ந்து பார்த்தாள். கிழவியின் கண் கலங்கியிருந்தது.

"பெத்த மகன் வந்து கேட்டா இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வர மாட்டீங்குது. பைக்கையும் அப்படித்தான் உட்டேன். இதையும் உட்டா உன்ற பொழப்பு என்னாகறது? அதான் நேத்து நீ வேலைக்குப் போனதும் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். வெள்ளைச் சீலை கட்டிட்டு நெயில் பாலிஷ் கேட்டா, ஆருக்குன்னு கேக்க மாட்டாங்களா? எனக்குத்தான்னு சொன்னேன். சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போறாங்க."

பெரியாத்தாள் முந்தானையால் தரணியின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அத்தனை பேரு முன்னால உன்னையப் பேசக்கூடாததைப் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதே. அவனுக்கு வெக்கம் வரோணுமே."

சொல்லிவிட்டுப் பெட்டியை மூடி, தரணியின் மடியில் தூக்கி வைத்தாள்.

"பூப்போட்ட ஸ்பானரை எந்த ஆம்பளையும் தொட மாட்டான் கண்ணு. இனி இது உன்ற சாமான்."