மைக் முன்னால் மன்னிப்பு

டீச்சர் மேடையில் கும்பிட்ட கையோடு நின்றாள்.

எதிரே வெயிலில் வரிசை வரிசையாக எண்ணூறு பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் பெற்றோர் கூட்டம், ஆளுக்கொரு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி. கூட்டத்துக்கு முன்னால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் அம்மா.

அவளுக்கு வயிறு குளிர்ந்திருந்தது. இருக்காதா பின்னே? நாலு நாளாக ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தானே.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலை அறிவிப்பை வாசித்துவிட்டு மைக்கை அணைக்க மறந்துவிட்டாள் டீச்சர். ஆண்டு விழா நடனத்துக்கு யாரைச் சேர்ப்பது என்று பக்கத்தில் இருந்த இன்னொரு டீச்சரோடு பேச்சு வந்தது. அவள் ஒரு பிள்ளையைச் சொல்ல, இவள் சிரித்தாள்.

"ஐயோ, அந்த யானைக்குட்டியா? மேடை தாங்காதுப்பா!"

இருபத்திரண்டு வகுப்பறைகளிலும் கேட்டது. ஐந்தாம் வகுப்பில் எல்லாத் தலையும் ஒரே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன.

பெற்றவள் சும்மா விடுவாளா? முந்நூறு கையெழுத்து வாங்கினாள். பள்ளி வாசலில் உட்கார்ந்தாள். டீச்சரை வேலையை விட்டுத் தூக்கியே ஆக வேண்டும் என்று தாளாளரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். பாவம் மனுஷர், கடைசியில் ஒரு வழி சொன்னார். டீச்சர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கட்டும். பிள்ளை மன்னித்தால் வேலை இருக்கும், இல்லையென்றால் இன்றைக்கே கிளம்ப வேண்டியதுதான்.

காலையில் தலை பின்னும்போதே அம்மா மூன்று முறை சொல்லிக்கொடுத்திருந்தாள். "மன்னிக்க மாட்டேன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை வரக் கூடாது, தெரியுதா?"

டீச்சர் தாளைப் பார்த்து வாசித்து முடித்தாள். ஒற்றைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். கடைசி வரியில் அழுதேவிட்டாள்.

நல்லா அழு, என்று நினைத்தாள் அம்மா.

தாளாளர் பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் படியேறுவதை எண்ணூறு பேரும் பார்த்தார்கள். எங்கோ ஒரு வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. அவள் டீச்சரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளாளர் மைக்கைத் தாழ்த்தினார்.

பிள்ளை டீச்சரின் ஈரக் கன்னத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர் ஒரே ஒரு தடவைதான் சொன்னாங்க சார். அம்மாதான் தினமும் சொல்வாங்க."

கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அம்மாவின் பக்கம் திரும்பின. அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

தாளாளர் நல்லவர். குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார். "அம்மா என்னம்மா சொல்வாங்க?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.