பிறந்த இடம்

தாலுகா அலுவலகத்தில் மூன்று நாள் பழைய பதிவேடுகளைப் புரட்டியபின், அப்பா கன்னியப்பனின் பிறப்புப் பதிவு மதிவதனிக்குக் கிடைத்தது.

எழுத்தர் தங்கராஜ் வாசித்தார். "பிறந்த இடம், பருத்திப்பட்டு பெரிய வீட்டு மாட்டுக்கொட்டகை. இதை வச்சு அந்த வீட்ல பங்கு கேக்க முடியாதும்மா."

"பங்கு கேக்க வரல சார். நகல் மட்டும் குடுங்க."

நகலோடு அவள் போனபோது, பெரிய வீட்டுக்கு எதிரே தெருவிலேயே நின்றிருந்தார் கன்னியப்பன்.

"நீ வாங்கி, கிரயம் உன் பேர்ல ஆயிட்டா இன்னாம்மா, இது அவங்க ஊடு. இந்த முன்வாசல்ல நான் காலே வச்சதில்ல."

"இது நீ பொறந்த ஊடுன்னு சர்க்கார் ஏட்டுலயே கீதுப்பா. படிச்சுப் பாரு."

இரண்டு முறை படித்தார். பிறகு செருப்பை முன்வாசலிலேயே விட்டுவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.