கரி வளையம்

தோட்டா உள்ளே போகவில்லை.

கட்டைவிரலால் அழுத்தினாள். ஒரு நெல்மணி அளவு வெளியே நின்றுகொண்டு அடம்பிடித்தது.

ரிவால்வர் உருளையின் அடுத்த துளை. அதிலும் அப்படித்தான்.

அவள் தப்பாக எதையும் எடுக்கவில்லை. மேக்னம் ரிவால்வர், அதற்கான நீளமான, வலு மிகுந்த மேக்னம் தோட்டா. டெக்ஸாஸுக்கு வந்து இத்தனை வருடத்தில் மல்லிப்பொடியையும் சாம்பார்ப்பொடியையும் மாற்றிப் போட்டிருக்கிறாள். இதை மாற்ற மாட்டாள்.

தம்பதிகள் போட்டி. ஒருவர் சுடுவதற்கு மற்றவர்தான் தோட்டா போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தச் சுடுதளத்தின் வழக்கம் அது.

தூரத்தில் இலக்காக நிற்கும் இரும்புக் கிடாக்கள் எப்போதும் அவள் கணவர் தேவசகாயத்துக்கு. பக்கத்தில் நிற்கும் இரும்புக் கோழிகள் அவளுக்கு, குட்டைத் தோட்டா போடும் அவளுடைய சின்னத் துப்பாக்கிக்கு.

கோழி லேசாகப் பட்டாலே விழும். கிடா விழ மேக்னம் வேண்டும். வலு குறைந்த தோட்டா பட்டால் டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிடா நின்றபடியே நிற்கும்.

துளையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

உள்ளே கறுப்பாக ஒரு வளையம்.

புரிந்துவிட்டது. மேக்னம் ரிவால்வர் குட்டைத் தோட்டாவையும் ஏற்றுக்கொள்ளும். வெடிமருந்து குறைவு, கையை உதைக்காது. ஆனால் துளையின் கடைசிவரை எட்டாது. அது முடிகிற இடத்தில் கரி படியும். நிறையச் சுட்டுத் துடைக்காமல் விட்டால் இறுகிப்போய், நீளத் தோட்டாவை மறிக்கும்.

இந்தத் துப்பாக்கியில் சுடுகிறவர் அவர் ஒருவர்தான்.

புதன்கிழமைதோறும் தனியாகப் பயிற்சிக்கு வருவார். திரும்பி வந்ததும் எல்லாம் மேக்னம்தான் என்பார். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒரு வசனம் வைத்திருந்தார்: மேக்னத்தில் குட்டைத் தோட்டா போடுவது, புல்லட் வண்டியை வாங்கித் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி.

தள்ளிக்கொண்டுதான் போயிருக்கிறார் மனிதர்.

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

கொஞ்ச நாளாகக் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். கேட்டதற்குச் சூடு என்றார். நம்பினாள். துப்பாக்கியைத் துடைப்பதில் அவ்வளவு கறாரானவர் இதைத் துடைக்கவில்லை. அழுத்தித் தேய்க்க மணிக்கட்டு வேண்டும்.

கோபம் வந்தது. வலிக்கிறது என்று கட்டின பெண்டாட்டியிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அந்தப் பக்கம் நடுவர் எர்னெஸ்டோவிடம் அவர் போன வருடம் விழுந்த கிடாக்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. வலது கை மட்டும் கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

இன்று மேக்னம் சுட்டால் அந்தக் கை என்னாகும். குட்டையைச் சுட்டால் கிடா நிற்கும், எல்லோரும் பார்ப்பார்கள்.

பித்தளைத் தூரிகையை எடுத்தாள். எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். கரி உதிர்ந்தது. வெள்ளைத் துண்டு கறுத்தது.

இப்போது தோட்டா சொன்ன பேச்சுக் கேட்டது. டக்கென்று உள்ளே போனது.

வெளியே எடுத்துவிட்டாள்.

அவர் வந்தபோது ரிவால்வர் திறந்தபடி, காலியாக, அவர் பக்கம் இருந்தது. அருகில் நீளத் தோட்டாப் பெட்டி. அதனருகில் கறுத்த துண்டு. மறைக்கவில்லை.

"கிடாவ நான் பாத்துக்கிடுதேன். நீங்க கோழியப் பாருங்க."

அவர் துண்டைப் பார்த்தார்.

அவளுக்குப் பயமில்லை. இந்தத் துப்பாக்கியை முன்பு இரண்டொரு தடவை வாங்கிச் சுட்டிருக்கிறாள். நன்றாக உதைத்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. உனக்கெதுக்கு என்று அவர்தான் வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் பெட்டியைத் திறந்தார். ஒரு தோட்டா நழுவி மேசையில் உருண்டது. அதைப் பிடித்து எடுத்தார். பின்னால் வரிசை காத்திருந்தது. அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை.

எல்லாம் போட்டு முடித்து, வலது கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

முதல் குண்டு மண்ணைக் கிளப்பியது.

அடுத்ததில் கிடா விழுந்தது. அதற்கடுத்ததும். மிச்சமிருந்தவையும். தோள்வரை ஏறிய உதையை அவள் ஆசையாகவே வாங்கிக்கொண்டாள்.

எர்னெஸ்டோ தொப்பியைத் தூக்கினார்.

இனிக் கோழி.

அவள் வெற்றுக் கூடுகளைக் கொட்டினாள். தன் பெட்டியிலிருந்து குட்டைத் தோட்டாக்களை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, அவருடைய மேக்னத்தில் ஒவ்வொன்றாகப் போட்டாள். மேசையில் வைத்தாள்.

அவர் வலது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

இரண்டு கைகளையும் நீட்டி எடுத்துக்கொண்டார்.