சீருக்கு ஒரு கார்

கிட்ட வாங்க, கண்ணுங்களா. கால் நோகாமல் உட்காருங்கள். பெரிய கதை இல்லை, ஒரு தெருமுனையில் நடந்தது. நடுவில் எழுந்து போகாமல் கேட்டால் முழுசாகச் சொல்லிவிடுவேன்.

ஆரணியில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெரு. காலை வேளை. சேலைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு போட்டுக்கொண்டிருந்தார்கள். அது முடிகிறவரை சைக்கிள்கூட உள்ளே நுழைய முடியாது.

தெருமுனையில் இரண்டு கார்கள் வந்து நின்றன.

"யப்பா சைனாக்காரா, பாவு மேல உட்டுடாத! அப்புறம் உன் காரையும் சேத்து நெய்ஞ்சிடுவோம்!"

பாவு பிடித்தவர்களில் ஒருவர் கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். காரிலிருந்து இறங்கிய கோபிநாத்தும் சிரித்தான். அவன் சைனாக்காரன் இல்லை, வேலூர்க்காரன். விற்கிற வண்டிதான் சைனா.

இரண்டுமே மின்சாரக் கார்கள். வெள்ளை, சைனாவிலிருந்து கப்பலில் வந்தது. நீலம், நம் நாட்டிலேயே செய்தது. ஓட்டிப் பார்க்க வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்கள்.

பட்டு வியாபாரி மாணிக்கவேல் தன் மகள் நிலாவுக்குச் சீராகக் கொடுக்க இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை தமிழ்வாணனுக்குக் கோயம்புத்தூர். "நாங்க எதுவும் கேக்கலைங்க" என்றுதான் அந்த வீட்டில் சொன்னார்கள். "எங்க பெரிய மருமக கார்லதான் வந்தா" என்றும் சொன்னார்கள்.

பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. இன்றைக்குச் சொன்னால்தான் முகூர்த்தத்துக்குள் வண்டி வரும்.

"எல்லையில நம்ம பசங்களோட சண்டைக்கு நிக்கறான். நீ அவன் காரை வாங்கிகினு வர்றியா மாமா?" என்றார் நிலாவின் தாய்மாமன் குமரேசன்.

"ஏன்டா, நம்ம பாவுக்கு யார் பட்டு? நீயும் நானும் சைனா பட்டுல சோறு துன்னுகினுதான் இருக்கோம். பேஜார் பண்ணாத."

குமரேசன் நகர்ந்து போய் நீலக் காரின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தது நிலாவுக்கு மட்டும்தான். வெள்ளையை ஓட்டிவிட்டு வந்தாள். நீலத்தை ஓட்டிவிட்டு வந்தாள். எது பிடித்தது என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறங்கின இடத்திலேயே நின்றாள்.

போன் அதிர்ந்தது. எடுத்து, தெருவையும் கார்களையும் ஒரு படம் பிடித்து அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் தெரிகிற மாதிரி எடுத்தாள்.

"நிச்சயம் ஆனதுலேர்ந்து மாப்ள இப்டிதான்" என்றார் மாணிக்கவேல், கோபிநாத்திடம். "எங்க இருக்கற, யார்கூட இருக்கறன்னு கேட்டுகினே இருப்பாரு. பொண்ணு மேல அவ்ளோ உசுரு."

"அப்ப சாருக்கு நம்ம வண்டிதாங்க கரெக்ட்" என்றான் கோபிநாத். "கார் எங்க போவுது, எங்க நிக்குது, எல்லாம் அவர் போன்ல காட்டும். வூட்ல உக்காந்துகினே பாத்துக்கலாம். ஒரு தடவ சார்ஜ் போட்டா கோயம்புத்தூருக்கு நிக்காம போயிடும்."

போன் அதிர்ந்தது. நிலா படித்தாள். படித்ததை அப்படியே சொன்னாள்.

"வெள்ளையையே எடுக்கச் சொல்றாருப்பா."

"அப்புறம் என்ன? ஜல்தி பேசி முடி" என்றார் மாணிக்கவேல்.

நிலா வெள்ளைக் காரைப் பார்க்கவில்லை. நீலக் காரோடு வந்திருந்த பாலமுருகனிடம் போனாள்.

"உங்குளுதும் போன்ல காட்டுமா?"

அவன் தயங்கினான். "கொறஞ்ச மாடல்ல அதெல்லாம் வராதுங்க. மேல் மாடல்லதான் வரும்."

"கொறஞ்சதே போதும்."

குமரேசன் கை தட்டினார். "பாத்தியா மாமா! என் மருமவ நம்ம நாட்டு வண்டியத்தான் கேக்கறா. ரோசக்காரி!"

மாணிக்கவேலுக்கு ஏமாற்றமாக இருந்தது. "மாப்ள வெள்ளையச் சொன்னாரேம்மா? இது ஒரே ஓட்டமா போவாதே? வழியில நிக்கணுமே?"

"நின்னு போறேம்பா."

பாலமுருகன் சந்தோஷமாக ஆர்டர் படிவத்தை எடுத்தான். "சேலத்துல ஒரு தடவ சார்ஜ் போட்டாப் போதுங்க. ஒரு டீ சாப்ட்டு கெளம்பிடலாம்."

நிலா அவன் பக்கம் கொஞ்சம் நெருங்கினாள். விலை கேட்கிற குரலில் கேட்டாள்.

"அண்ணா, கோயம்புத்தூர்லேர்ந்து நான் தனியா ராத்திரியில கெளம்பி வந்தா, சேலத்துல அந்த எடத்துல ஆளுங்க இருப்பாங்களா?"

பாலமுருகன் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு மாணிக்கவேலைப் பார்த்தான்.

மாணிக்கவேல் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். பாவு பிடித்தவர்களைப் பார்த்து, "ஆச்சாப்பா? வழி உடுங்க" என்று குரல் கொடுத்தார். திரும்பி, "அதையே எழுதிக்கப்பா" என்றார்.

மகள் கேட்டது அவர் காதில் விழுந்ததா, விழவில்லையா, எனக்குத் தெரியாது கண்ணுங்களா. அவள் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

நீங்கள் நல்லாயிருங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண் எந்த ராத்திரியில் வந்து கதவைத் தட்டினாலும், எதற்கு வந்தாய் என்று கேட்காமல் தட்டு வைத்துச் சோறு போடுகிற கைகள் அந்த வீட்டில் நிறைய இருக்கட்டும்.