பேமிலி ரூமில் மூன்று இலை

ராஜபாளையம் பரோட்டாக் கடையில் பச்சைத் திரைக்கு வெளியே நிற்கிறான் மெல்வின். கொத்து பரோட்டா அடிக்கிற சத்தத்தில் காது அடைக்கிறது. "சார், இது பேமிலி ரூம். லேடீஸ் இல்லாம உள்ள விட்டா ஓனரு என்னையக் கல்லுல போட்டுக் கொத்திருவாரு" என்கிறார் சர்வர் காசிராஜன். மெல்வினின் விரலைப் பிடித்திருக்கும் மகள் ஜெமி திரையை விலக்குகிறாள். "எங்க அம்மா பொறவு வருவாங்க. நாங்க எப்பவும் இங்கதான் உக்காருவோம்." காசிராஜன் சிரித்து வழிவிடுகிறார். அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றுதான் குழந்தையிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அம்மாவின் அடக்கத்துக்குக்கூட ஜெமியைக் கூட்டிப் போகவில்லை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று மெல்வின் வந்திருக்கிறான்.

உள்ளே டியூப் லைட் விட்டுவிட்டு எரிகிறது. மேஜையில் மூன்று இலை விழுகிறது. தன் இலையை விட்டுவிட்டு, எதிர் இலையில் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் வழித்துவிடுகிறாள் ஜெமி. காசிராஜன் சால்னா வாளியோடு வந்து அந்த இலையருகே நிற்கிறார். "இதுல இப்பவே பரோட்டா வைக்கவா சார், அவிய வந்த பொறவு சூடாக் கொண்டாரவா?" ஜெமி அப்பாவின் வாயையே பார்க்கிறாள். வெளியே கொத்துகிற சத்தம் சட்டென்று நிற்கிறது.

"வேண்டாம்" என்கிறான். "அம்மா இனிம வர மாட்டா பாப்பா. செத்துப் போயிட்டா."

கரண்டியிலிருந்து சால்னா மேஜையில் சொட்டுகிறது. ஜெமி காசிராஜனை நிமிர்ந்து பார்க்கிறாள். பெஞ்சில் நகர்ந்து வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்கிறாள்.

"அப்ப நம்மள வெளிய போகச் சொல்லிருவாங்களாப்பா?"