கெனான் இழைத்த கழுத்து

“இது கிடாரா? தோல் உரிச்ச ஆடு மாதிரி இருக்கு!”

தஸ்ஸின் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மூசா கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

முற்றத்துப் பாயில் கிடந்தது அவள் கணவன் அமூத்தின் சிவப்பு எலெக்ட்ரிக் கிடார். உடம்பு எப்போதும் போலப் பளபளத்தது. கை பிடிக்கும் கழுத்தின் பின்பக்கம் மட்டும் வார்னிஷ் போய், வெறும் மரம் வெளுப்பாகத் தெரிந்தது.

எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான் கெனான். தஸ்ஸினின் தம்பி. ‘ஒரு கல்யாணத்துல வாசிக்கணும் மச்சான்’ என்று நாலு நாள் முன்னால் கிடாரை இரவல் வாங்கிப் போனவன்.

“என்னடா பண்ணித் தொலைச்ச?” என்றார் மூசா. அமூத்தின் பாட்டுக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவர் அவர்.

“கழுத்து ரொம்பத் தடி, மூசா அண்ணே. என் கைக்கு அடங்கல. உப்புத்தாள் போட்டுக் கொஞ்சம் இழைச்சேன்.”

“கொஞ்சமா? இரவல் சட்டை தொளதொளன்னு இருந்தா வெட்டித் தைச்சுக்குவியா?”

“நல்லாக் கேளுங்க! பதினெட்டு வருஷமா அவர் வாசிச்ச கிடார். இவன் கை என்ன பெரிய கை!” தஸ்ஸின் தம்பியின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். “இந்தத் தமன்ராசெட் ஊர்ல உனக்கு வேற கிடாரே கிடைக்கலையாடா?”

சுவரோரம் உட்கார்ந்திருந்த அமூத் கிடாரைப் பார்த்தான். கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு ஒரு நிம்மதி வந்திருந்தது. அதை நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

போன வருஷம் லாரிக் கதவில் அவன் இடது கை மாட்டிக்கொண்டது. ஆறிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். ஆறவில்லை. கட்டைவிரல் பழையபடி மடங்கவில்லை. அந்தத் தடித்த கழுத்தைப் பிடிக்க உள்ளங்கையை அகல விரித்தால், இரண்டு பாட்டுக்குள் வலி முழங்கை வரை ஏறிவிடும். வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. ‘ஆசை விட்டுப்போச்சு’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். வருகிற வெள்ளிக்கிழமையோடு குழுவிலிருந்து விலகிவிடுவது என்றுகூட முடிவு செய்திருந்தான். காரணம்தான் கிடைக்கவில்லை.

இதோ, கிடைத்துவிட்டது.

“சரி, விடுங்க. கிடார் போச்சு. அதோட நானும் நிறுத்திக்கறேன்” என்றான்.

மூசாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கெனான் மட்டும் தலை நிமிராமல் சொன்னான்:

“ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டு நிறுத்து மச்சான்.”

“வாசிக்க என்னடா மிச்சம் வெச்சிருக்க?”

“ஒண்ணும் இல்லன்னா, அதைக் காட்டவாவது வாசியேன்.”

அந்தத் திமிர்தான் அமூத்தைக் கிளப்பியது. வெடுக்கென்று கிடாரை எடுத்து மடியில் வைத்தான். ஒலிபெருக்கியைப் போட்டான். கழுத்தைப் பிடித்தான்.

வலிக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

இழைத்தவன் முன்பக்கத்தைத் தொட்டிருக்கவில்லை. அகலம் அதேதான். கம்பிகளுக்கு நடுவே அவனுடைய தடித்த விரல்நுனிகள் பழையபடி தாராளமாக இறங்கின. பின்பக்கத்தில்தான் சதை குறைந்திருந்தது. அதுவும் கட்டைவிரல் படுகிற ஓரத்தில் கூடுதலாக. மடங்காத விரல் அங்கே போய்ப் படுத்துக்கொண்டது, கட்டிலில் படுப்பது போல.

ஒரு வருஷமாகத் தொடாத பாட்டு தானாக வந்தது.

கண்ணை மூடினான். ஒட்டகத்தின் மேல் இருந்தான். கயிற்றை யாரும் பிடித்திருக்கவில்லை. அது தன் பாட்டுக்கு நடந்தது. கீழே மணல் ஓடியது, தூரத்து மலைகள் நீலமாகக் கரைந்து கரைந்து திரும்பவும் திரண்டன. எங்கே போகிறோம் என்று கேட்கத் தோன்றவில்லை. மூசாவின் கைத்தட்டல் எங்கோ கிணற்றடியிலிருந்து வருவது போல இருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் குலவையிட்டாள். அதுவும் கனவுக்குள்ளேயே வந்து போனது.

கண்ணைத் திறந்தபோது வெயில் முற்றத்தை விட்டுப் போயிருந்தது. ஊற்றி வைத்த தேநீர் ஆறிக் கிடந்தது.

அமூத் தொண்டையைச் செருமினான். வீறாப்பு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

“பரவாயில்ல, தேறும். ஆனாலும் அடுத்தவன் கிடாரை உன் கைக்கு ஏத்தபடி மாத்தினது தப்புத்தான். இந்தா, நீ வாசி. எப்படித்தான் இருக்குன்னு பாக்கறேன்.”

“நான் எதுக்கு மச்சான்...”

“உனக்காகத்தானே இழைச்ச? வாசிடா!”

கெனான் வேண்டாவெறுப்பாக வாங்கினான். அவனுடைய நீளமான விரல்கள் அந்த ஒல்லிக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு தடுமாறின. கட்டைவிரல் வழுக்கியது. ஒரு கம்பி முனகியது, அடுத்தது ஊமையாகிவிட்டது. இரண்டாவது அடி முடிவதற்குள் கை மரத்துப்போய் உதறினான்.

மூசா விழுந்து விழுந்து சிரித்தார். “என்னடா இது? உனக்காக இழைச்ச கழுத்து உன்னையே உதைக்குது!”

அமூத் சிரிக்கவில்லை. மச்சினனையே உற்றுப் பார்த்தான். கெனான் தலைப்பாகைத் துணியை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டு, மெல்ல அக்காவின் பக்கம் திரும்பினான். அமூத்தும் திரும்பினான்.

தஸ்ஸின் ஆறிப்போன தேநீரை மும்முரமாகத் திரும்ப அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னை எதுக்குப் பாக்கறீங்க?” என்றாள் நிமிராமலே. “போன வாரம் மத்தியானம் நீங்க அசந்து தூங்கறப்ப, மடங்காத உங்க இடது கையில ரொட்டி மாவை அழுத்தி அளவெடுத்துக் குடுத்தேன். அவ்வளவுதான். இழைச்சது அவன்தானே!”